பாடுகிறவர்களும் பார்க்கிறவர்களும்

(பாளையங்கோட்டையில் வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில், கிராமச் சேகரம் ஒன்றின் குருவானவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொழில்நுட்பமும் திருச்சபையும் என்று தலைப்புக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு வகைப் பேச்சுதான் கேட்கக் கிடைக்கிறது. செல்போன் வந்தது, பக்தி போயிற்று என்று புலம்புவது ஒன்று. காலத்துக்கேற்ப மாறாவிட்டால் கோயில் காலியாகிவிடும் என்று மிரட்டுவது இன்னொன்று. இரண்டிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. சாத்தான்குளம் பக்கம், எண்பது சொச்சம் குடும்பங்கள் உள்ள ஒரு தேரிக்காட்டுச் சபையையும், அதைச் சுற்றியுள்ள இன்னும் சிறிய சபைகளையும் பார்த்துக்கொள்கிறவன் நான். எனக்கு எழுகிற கேள்வி வேறு. ஒரு கருவி கோயிலுக்குள் நுழையும்போது சபையாருக்கு வேலை கூடுகிறதா, குறைகிறதா? வாயும் கையும் அசைகிற ஜனங்களை அது உண்டாக்குகிறதா, சும்மா உட்கார்ந்து பார்க்கிற ஜனங்களை உண்டாக்குகிறதா? இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கருவிகளைக் கண்டு பயந்த சபை அல்ல நம்முடையது. இந்திய எழுத்தில் அச்சான முதல் புத்தகம் தமிழ்ப் புத்தகம். அதுவும் வேதபாடப் புத்தகம். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, மொத்தமே பதினாறு பக்கம். அதை ஆக்கிய ஹென்றீக்கஸ் பாதிரியார் முத்துக்குளித்துறையில் பரதவ மக்கள் நடுவே வாழ்ந்து, அவர்களிடமே தமிழ் பழகியவர். ஏறக்குறைய நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து, 1706இல், மிஷனெரியான சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடிக்கு வருகிறார். லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. வந்த எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. வேறு வழியில்லாமல் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். பக்கத்திலுள்ள பொறையாறில் காகிதம் செய்துகூடப் பார்த்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வெளிவந்தது.

இந்தக் கதையை நாம் பெருமைக்காகச் சொல்வது வழக்கம். நான் வேறொன்றுக்காகச் சொல்கிறேன். அச்சு வந்ததால் ஐயருக்கு வேலை குறைந்ததா? இல்லை. புத்தகம் வந்துவிட்டது, இனி அதைப் படிக்க ஆள் வேண்டும். ஆகவே பள்ளிக்கூடம் வேண்டும், வாத்தியார் வேண்டும், பெண்பிள்ளைகளுக்கும் எழுத்தறிவிக்க வேண்டும். அந்தக் கருவி ஊருக்கே வேலை வைத்தது. எழுத்து வாசனையே கூடாதென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த வீடுகளில், சாயங்காலம் விளக்கைப் பொருத்தி ஒரு பிள்ளை வேதபுத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க, தாயும் தகப்பனும் கேட்டுக்கொண்டிருந்த காட்சி அந்த அச்சுப்பொறியால் வந்தது.

அடுத்ததை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு ‘டானிக் சோல்ஃபா’ என்றால் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் நார்விச் நகரில் சாரா குளோவர் என்று ஓர் ஆசிரியை இருந்தார். ஐந்து கோடு போட்டுப் புள்ளி வைத்து எழுதும் இசைக்குறிப்பு ஏழைப் பிள்ளைகளுக்கு எட்டாது என்று கண்டு, டோ, ரே, மி என்ற சுரப்பெயர்களின் முதலெழுத்துகளை மட்டும் வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். 1840களில் ஜான் கர்வன் என்ற போதகர் அதை எடுத்துச் செப்பனிட்டுப் பரப்பினார். அவரும் பெரிய இசைமேதை அல்ல. சபைப் பிள்ளைகள் நன்றாகப் பாட வேண்டுமே என்று கவலைப்பட்ட ஒரு போதகர். அந்த முறையின் அழகு எங்கே இருக்கிறது தெரியுமா? அதை அச்சடிக்கத் தனி எழுத்து வேண்டாம். சாதாரண எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, ஒரு சிறு கோடு. எந்த ஊர் அச்சகத்திலும் அடிக்கலாம். எந்தக் கரும்பலகையிலும் எழுதலாம். பியானோ வேண்டாம், ஆர்கன் வேண்டாம். ‘டோ’ எங்கே இருக்கிறது என்று ஒருவர் ஊதிக் காட்டினால் போதும், மீதியைத் தொண்டை பார்த்துக்கொள்ளும்.

மிஷனெரிமார் அதை நம் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுவந்தார்கள். விளைவு என்னவென்றால், தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைக் காதால் கேட்டுக் கற்றுக்கொண்ட அதே ஜனங்கள், இன்னொரு பக்கம் பாமாலைகளைச் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலில் பாடவும் கற்றுக்கொண்டார்கள். இப்போதும் எங்கள் சபையில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். பனையேறிப் பிழைத்தவர், நெஞ்சிலே மரம் உரசிய காய்ப்பு, விரலிலே பாளை அருவாள் பட்ட தழும்பு. அவர் பாட்டுப் புத்தகத்தை விரித்து, பேஸ் வரியின்மேல் அந்தத் தழும்பு விரலை ஓட்டிக்கொண்டு, முன்பின் கேட்டிராத பாட்டைப் பார்த்த மாத்திரத்தில் பாடுவார். பக்கத்து வரியில் டெனர் பாடுகிறவர் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டு நடக்கிற நேரம் முழுவதும் இவர் குரலை நம்பி அவர் நிற்கிறார், அவர் குரலை நம்பி இவர் நிற்கிறார். இப்படி ஒருவரையொருவர் தாங்கி நிற்கவைத்த கருவி அந்த முறை. அதையும் தொழில்நுட்பம் என்றுதான் நான் சொல்லுவேன். மின்சாரம் இல்லை என்பதால் அதைத் தொழில்நுட்பம் இல்லை என்று சொல்லிவிடலாகாது.

இப்போது மைக்குக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் மைக் முதலில் பிரசங்கத்துக்குத்தான் வந்தது. அது நல்லதே. காது மந்தமான ஆச்சிமார் கடைசி வரிசையில் உட்கார்ந்தும் வசனத்தைக் கேட்டார்கள். பிறகு பாட்டு எடுத்துக்கொடுக்கிறவர் கைக்கு அது போயிற்று. பிறகு கீபோர்டு வந்தது. அதற்குள்ளேயே அடைத்து வைத்திருக்கிற தாளக்கட்டு வந்தது. பிறகு பாடகர் குழு நின்ற இடத்தில் நாலைந்து பேர் ஆளுக்கொரு மைக்கோடு நின்றார்கள். ஒவ்வொரு படியும் நல்லெண்ணத்தோடுதான் ஏறினோம். ஏறி முடித்துத் திரும்பிப் பார்த்தால், கீழே சபை வாய் மூடி நிற்கிறது.

ஏன் அப்படி ஆகிறது என்று நான் பல நாள் யோசித்தேன். பக்திக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். உண்மையில் அது காதின் சங்கதி. கூட்டமாகப் பாடுகிறவன் பக்கத்திலிருப்பவன் குரலைக் கேட்டுத்தான் பாடுகிறான். தன் குரல் அந்தக் குரலோடு சேர்வதைக் கேட்கும்போதுதான் தைரியம் வருகிறது; தைரியம் வந்தால் வாய் திறக்கிறது. சுவரில் மாட்டிய பெட்டியிலிருந்து ஒரே ஒருவருடைய குரல் நம் எல்லோர் குரலையும்விடப் பெரிதாக வந்தால், பக்கத்துக் குரலும் கேட்காது, தன் குரலும் கேட்காது. தான் பாடினாலும் பாடாவிட்டாலும் எதுவும் மாறப்போவதில்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் உதடு மட்டும் அசையும். சில மாதங்களில் அதுவும் நின்றுவிடும்.

ஒரு ஞாயிறு, ஆராதனை நடுவில் கரண்ட் போயிற்று. இரண்டாவது சரணம். கீபோர்டு நின்றது, மைக் நின்றது, மின்விசிறி நின்றது. ஒரு மூச்சு நேரம் யாரும் பாடவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒரு குரல் விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தது. அடுத்த வரியில் பாதிக் கோயில்; மூன்றாவது வரியில் அந்தப் பெரியவருடைய பேஸ். வெளியே வேப்பமரத்தடியில் நின்ற பையன்கள்கூட உள்ளே வந்து நின்றார்கள். உங்களில் கிராமத்துக் கோயிலுக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சபைகள் எப்படிப் பாடுகின்றன என்பதை நாம் எல்லோருமே அறிவோம். அறிந்தும், அடுத்த பண்டிகைக்கு இன்னும் பெரிய ஸ்பீக்கர் வாங்கத்தான் பரிபாலன கமிட்டியில் பேசுகிறோம்.

சபை பாடும்போது மைக் வேண்டாம் என்று எங்கள் சபையில் தீர்மானம் செய்தோம். வாசிப்புக்கும் பிரசங்கத்துக்கும் அறிவிப்புக்கும் உண்டு; பாட்டுக்கு இல்லை. கீபோர்டு உண்டு, ஆனால் தாளக்கட்டைப் போடுவதில்லை. சபை போகிற வேகத்துக்கு வாசிக்கிற தம்பி போகிறான். இதில் அவனுக்கு வருத்தம் இருந்தது. அவன் வருத்தம் நியாயமானது. அவன் பழகி வந்த இசை வேறு, அவன் தலைமுறையின் காது வேறு. அவனோடு நான் வாதாடவில்லை. சபையார் கூடிச் சமைத்து உண்ணும் அசன விழாவுக்கு முந்தின இரவு இளைஞர் பாட்டு நடக்கும்; அதில் அவன் இஷ்டம்போல வாசிக்கட்டும் என்று விட்டிருக்கிறோம். அந்த இரவு முழு ஊரும் கூடி உட்கார்ந்து காய் நறுக்கும். பாட்டு சத்தமாக இருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அசனம் என்றதும் ஒரு சங்கதி. இப்போது பல ஊர்களில் அசனச் சோற்றைக் கேட்டரிங்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். ருசி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெங்காயம் உரித்த கை, அண்டா தூக்கிய தோள், பந்தியில் பரிமாறிய பையன், இவர்களுக்கெல்லாம் அந்த ஒரு நாளில் கோயிலில் கிடைத்த இடம் போய்விடுகிறது. வருஷம் பூராவும் கோயில் வாசற்படி மிதிக்காத ஆள் அசனத்துக்கு விறகு பிளக்க வந்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன். அவருக்கும் சபைக்கும் இருந்த கடைசி நூல் அந்தக் கோடாலி.

காணிக்கைக்கு வருகிறேன். கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் நம்மிடையே உண்டு. உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவைப்பது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து கொட்டுவது. மிசோரம் சபைகளில் இதே வழக்கம் 1910இல் தொடங்கி, பெண்கள் சேர்த்த அந்த அரிசியிலிருந்து பெரிய பெரிய ஊழியங்கள் நடந்திருக்கின்றன. இந்தப் பாளையங்கோட்டையில் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களும் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்கவில்லை. வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னாளில் 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா அவர்களில் ஒருவர். இந்தியர் பணம், இந்தியர் உழைப்பு, இந்தியர் நிர்வாகம் என்று அவர்கள் கொள்கை வகுத்தது, கிராமத்து ஏழைகளின் சின்னச் சின்னக் காணிக்கைகளை நம்பித்தான்.

எங்கள் கோயில் வாசலிலும் இப்போது கியூஆர் அட்டை இருக்கிறது. சங்கக் காணிக்கை, கட்டட நிதி, எல்லாவற்றையும் போனிலேயே அனுப்பலாம். நான் அதை மனமார ஆதரிக்கிறேன். கணக்கு சுத்தமாக இருக்கிறது. பொருளாளர் பேரில் வீண் பழி வருவதில்லை. மும்பையில் இருக்கிற பிள்ளை மாதம் தவறாமல் அனுப்புகிறான். இது வந்த பிறகு, கைப்பிடி அரிசி எதற்கு, அரிசி டப்பாவைச் சுமந்துகொண்டு வருவது நாகரிகமாகவா இருக்கிறது என்று கமிட்டியில் ஒரு பேச்சு எழுந்தது. பேசியவர் எல்லோரும் ஆண்கள்.

சரி, அந்த டப்பாவின் கணக்கை ஒரு நிமிடம் பாருங்கள். எங்கள் ஊரில் எத்தனையோ பெண்களுக்குச் சொந்தமாகக் கையில் காசு கிடையாது. போன் இருந்தாலும் பேங்க் கணக்கு புருஷன் போனில் இருக்கிறது. பத்து ரூபாய் காணிக்கை போட வேண்டுமென்றால் யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டும். ஆனால் அடுப்படி அவளுடையது. உலைக்கு அளக்கிற அரிசியில் ஒரு பிடி எடுக்க அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. யாருடைய தயவும் இல்லாமல், தன் கையால், தன் ஆண்டவருக்கு அவள் கொடுக்கிற ஒரே காணிக்கை அந்த அரிசி. அந்த டப்பாவை நாகரிகத்தின் பேரால் எடுத்துவிட்டால், சபையின் வருமானத்தில் குறைவு ஒன்றும் தெரியாது. கொடுக்கிறவர்கள் பட்டியலிலிருந்து பாதிச் சபை காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான். இதைக் கமிட்டியில் சொன்னேன். டப்பா இருக்கிறது. கியூஆர் அட்டையும் இருக்கிறது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் போன் செய்த நல்ல காரியம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் காய்த்த சுரைக்காய், கோழி, முட்டை, கருப்பட்டி என்று ஜனங்கள் படைத்ததை ஆராதனை முடிந்து ஏலம் விடுவோம். ஓர் அம்மா படைத்த சுரைக்காயை, மஸ்கட்டில் இருக்கிற மகன் வீடியோ காலில் ஏலம் கேட்டான். தம்பிக்காரன் போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க, ஐந்நூறு, எழுநூறு என்று அவன் குரல் வருகிறது. இங்கே உள்ளூர் ஆள் ஒருவர் விடாமல் கேட்கிறார். ஊரே சிரிக்கிறது. கடைசியில் அவன் எடுத்தான். எடுத்த காயை, போட்டி போட்ட அந்த ஆள் வீட்டுக்கே கொடுக்கச் சொல்லிவிட்டான். அந்தப் பையன் அன்று ஏலத்தைப் பார்க்கவில்லை, ஏலத்தில் நின்றான்.

நேரலையைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று பலரும் கேட்கிறார்கள். 2020ஐ மறக்க முடியுமா? மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, ஈஸ்டர், எல்லாம் கோயில் கதவு பூட்டியபடி போயின. ஈஸ்டர் அதிகாலையில் மணி மட்டும் அடித்தோம். அந்த நாட்களில் நேரலை பலருக்கு உயிர்க்கயிறாக இருந்தது; அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு இப்போதும் அது வேண்டும். கண் தெரியாத ஒரு தாத்தாவுக்குப் பேரன் போனில் ஒலி வேதாகமம் போட்டுக் கொடுத்திருக்கிறான். அவர் இப்போது எனக்கு ஏசாயா சொல்லித்தருகிறார்.

ஒரு சாவு வீட்டையும் சொல்ல வேண்டும். தகப்பன் இறந்துவிட்டார். மகன் கத்தாரில் கட்டட வேலை. லீவு கிடைக்கவில்லை. ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தும் பயனில்லை. அடக்க ஆராதனையை வாட்ஸ்அப்பில் காட்ட ஏற்பாடு செய்தார்கள். எனக்கு ஒன்று தோன்றியது. தொண்ணூறாம் சங்கீதத்தை அவனையே வாசிக்கச் சொன்னோம். போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். அங்கே தொழிலாளர் முகாம் அறையில், கூடத் தங்கியிருந்த வேற்று நாட்டுப் பிள்ளைகள் அவனுக்குப் பின்னால் எழுந்து நிற்பது திரையில் தெரிந்தது. அவன் தடுமாறித் தடுமாறி, கடைசி வசனம் வரை வாசித்தான். தகப்பனுக்குச் செய்ய வேண்டியதில் ஒரு பங்கை அவன் செய்தான். அவன் தாய் அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் பெட்டியை எடுக்கச் சம்மதித்தார்கள்.

அதே நேரலை வேறு வேஷத்திலும் வருகிறது. சேகர அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு குருவானவருக்குப் பல கிராமச் சபைகள். ஒரு சபைக்கு அவர் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்தால் அதிகம். மற்ற ஞாயிறுகளில் சபை ஊழியரோ, உள்ளூரில் படித்த ஒருவரோ ஆராதனை நடத்துவார். சில இளைஞர்கள், நல்ல எண்ணத்தோடுதான், ஒரு யோசனை சொன்னார்கள்: தலைமைக் கோயிலில் நடக்கிற பிரசங்கத்தை இணையத்தில் எடுத்து, எல்லாக் கிராமக் கோயில்களிலும் திரையில் காட்டிவிடலாம், எல்லா வாரமும் ஐயருடைய பிரசங்கமே கிடைக்கும். திரைக்கு நன்கொடை தரவும் ஆள் தயார்.

அதைப் பற்றிப் பேசக் கூடியபோது, ஒரு கிராமத்துச் சபையில் இருக்கிற ஓய்வு பெற்ற டீச்சரம்மா எழுந்தார்கள். “ஐயா, நீங்க வராத வாரத்துலதான் நாங்க வேதத்தைத் திறந்து வச்சு, ராத்திரி உக்காந்து படிச்சு ஆயத்தப்படுதோம். அந்த வாரத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டா எங்களுக்கு இங்க என்ன வேலை?” என்றார்கள். அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை. திரைக்குக் கொடுப்பதாக இருந்த பணத்தில் அந்தக் கிராமங்களுக்கு வேத அகராதிகளும் விளக்கவுரைகளும் வாங்கினோம். வியாழக்கிழமை இரவு எட்டரைக்கு, பிரசங்கம் செய்கிறவர்கள் எல்லோரும் போனில் ஒரே அழைப்பில் சேருகிறோம். அந்த ஞாயிற்றின் வேதபாகத்தை மாறி மாறி வாசித்து, கேள்வி கேட்டு, சண்டையும் போட்டு, ஒரு மணி நேரம் பேசுகிறோம். கருப்பட்டி காய்ச்சுகிற ஒரு தம்பி அந்த அழைப்பில் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் தேடி நான் வெள்ளிக்கிழமை முழுவதும் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு பிரசங்கம் எழுதித்தரும் காலம் வந்துவிட்டதே என்கிறார்கள். வந்துவிட்டது. 2023 ஜூன் மாதம் ஜெர்மனியில் ஃபூர்த் நகர லுத்தரன் கோயில் ஒன்றில், ஏறக்குறைய முழு ஆராதனையையும் கணினி எழுதித் தர, திரையில் உருவங்கள் பேசின. முந்நூறு பேருக்குமேல் கூடியிருந்து கேட்டார்கள். தமிழிலும் அது எழுதும். இன்று என் போனில் கேட்டால் மூன்று தலைப்பு, ஆறு உபதலைப்போடு தரும். டீச்சரம்மா சொன்ன பதில்தான் இதற்கும் பதில். இரவில் உட்கார்ந்து ஆயத்தப்படுவது பிரசங்கிக்கு நேரும் தொந்தரவு என்று நினைத்தால் அந்தக் கருவி நல்லது. அந்த ஆயத்தத்தில்தான் ஒரு மனுஷன் பிரசங்கியாக உருவாகிறான் என்று நினைத்தால் அதை வேறொருவரிடம் கொடுக்க மாட்டான். இதற்குமேல் இதில் பேச எனக்கு ஒன்றுமில்லை.

கலாசாரம் என்று ஒரு சொல் உங்கள் அழைப்பிதழில் இருந்தது. அதனால் கசப்பான ஒன்றையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கல்யாண ஓலை இன்றைக்கும் நம் கோயில்களில் மூன்று ஞாயிறு வாசிக்கப்படுகிறது. ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம் என்று சபை முழுவதையும் பார்த்துக் கேட்கிறோம். ஆனால் அந்த மணமகனும் மணமகளும் எங்கே ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள்? இணையத் திருமணத் தளத்தில். அங்கே கிறிஸ்தவர் என்று தெரிவு செய்த அடுத்த நொடி, என்ன சாதி என்று ஒரு பட்டியல் விரிகிறது. நம் பிள்ளைகள், ஞானஸ்நானம் பெற்றவர்கள், திடப்படுத்தல் எடுத்தவர்கள், கூசாமல் அதில் ஒன்றைத் தொடுகிறார்கள். பட்டியலைத் தயாரித்தவன்மேல் நான் பழி போட மாட்டேன். இரண்டு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற ஊர்கள் அந்தக் கணினிக்கு முன்பே இருந்தன. சபைக்குள் நாமே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைத்தான் அது அச்சுப்பிசகாமல் கேட்கிறது. முன்பு அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு தரகர் வீடு வீடாக அலைய வேண்டியிருந்தது. சில வீட்டில் வாசலிலேயே திட்டு வாங்கவும் வேண்டியிருந்தது. இப்போது அந்த அலைச்சலும் இல்லை, திட்டுகிறவரும் இல்லை. வேலையைக் குறைக்கிற கருவி பாவத்தின் வேலையையும் குறைத்துக் கொடுக்கும் என்பதை நம் சபைகள் இன்னும் யோசிக்கவில்லை. திடப்படுத்தல் வகுப்பில் நான் இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசுகிறேன். பெற்றோர் சிலருக்குக் கோபம். பேசத்தான் செய்வேன்.

கடைசியாக, இப்போது நாங்கள் செய்துகொண்டிருக்கிற ஒரு காரியம்.

எங்கள் பிள்ளைகள் பாதிப்பேருக்குமேல் வெளியூரில் இருக்கிறார்கள். சென்னை, கோயம்புத்தூர், மும்பை, வளைகுடா. ஆராதனையை நேரலையில் போடுங்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். படுக்கையில் இருக்கிறவர்களுக்காகப் போடுகிறோம். ஆனால் இருபத்தைந்து வயதுப் பிள்ளை தான் இருக்கிற ஊர்ச் சபைக்குப் போகாமல், ஞாயிற்றுக்கிழமை காலை படுக்கையில் புரண்டபடி எங்கள் கோயிலைப் போனில் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே அருகில் உள்ள சபைக்குப் போ, அங்கே உன்னால் ஆனதைச் செய் என்றுதான் எழுதுகிறேன். அதே சமயம் அவர்கள் ஊர்ப்பாசத்தை வெறுமனே விட்டுவிடவும் மனமில்லை.

ஆகவே இந்த வருஷம் மே விடுமுறையில் சோல்ஃபா வகுப்பைத் திரும்பத் தொடங்கினோம். அந்தப் பனையேறிப் பெரியவரும் ஹெட்மாஸ்டர் ஐயாவும்தான் வாத்தியார்கள். கிறிஸ்மஸ் பாமாலைகளின் நாலு குரலையும் தனித்தனியாகப் பாடவைத்து, ஒரு பெண்பிள்ளை போனில் பதிவு செய்தாள். கோயிலுக்குள் எதிரொலிக்கிறது என்று ஹெட்மாஸ்டர் வீட்டு நெல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தார்கள். பெரியவர் மூச்சு வாங்குகிற இடம்கூட அதில் கேட்கிறது. அதை வெட்டவேண்டாம், எங்கே மூச்சு எடுப்பது என்று பையன்களுக்குத் தெரியட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். அந்த ஒலிப்பதிவுகளையும், சோல்ஃபா பக்கங்களின் படங்களையும் வெளியூர்ப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு வாரம் ஒன்றாக அனுப்புகிறோம். ஆளாளுக்குக் குரல் பிரித்துக் கொடுத்தாயிற்று. பயிற்சி செய்து தங்கள் குரலைப் பதிவு செய்து திரும்ப அனுப்ப வேண்டும். பெரியவர் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, பேத்தி போனைக் காதருகே வைக்க, ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருத்தம் சொல்கிறார். ஷார்ஜாவில் இருக்கிற ஒருவனுக்கு மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டார். டிசம்பர் 23ஆம் தேதி ராத்திரி எல்லோரும் வந்து சேர்ந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்று ஒரே ஒத்திகை. மறுநாள் இரவு மைக் இல்லாமல் பாட வேண்டும். டெனருக்கு இன்னும் இரண்டு ஆள் குறைகிறது, தேடிக்கொண்டிருக்கிறோம்.